ஆறு சீட் படகின் சுக்கான்

மார்ச் 9, திங்கள்

எனக்குப் படகைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை இன்று நான் சொல்லவில்லை.

காசல்ரி நீர்த்தேக்கக் கரையில் எங்கள் விடுதி. மனேஜர் ஷிஹாம் சேர் அங்குள்ள பழைய பாய்ப்படகைக் குறுக்கே அறுத்து, சாப்பாட்டு அறையில் அலமாரியாக நிறுத்தப்போகிறாராம். சித்திரை வருசத்துக்கு முன் தச்சர் வருவார். "சுக்கான் தண்டு நுழையிற எடத்தால தண்ணி வருது. ஸ்டியரிங்கும் இறுகிட்டு. வேற என்ன செய்ய?"

"நான் சரி பண்ணித் தர்றேன் சேர்." வரவேற்பு மேசை வேலையில் உட்கார்ந்து நாவல் படிக்கிற என் வாய்தான் இப்படிச் சொன்னது.

அந்தப் படகை நான் ஓட்ட வேண்டும். வேறு காரணம் இல்லை.

மார்ச் 13

நீர்கொழும்பில் ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போன் எடுத்து, தண்டில் தண்ணீரை அடைக்கிற ரப்பர் வளையத்துக்காக என் சிங்களத்தில் "சுக்கானம சீல்" கேட்டேன். எத்தனை சீட் என்றார் கடைக்காரர். ஆறு பேர் உட்காரலாம் என்றேன். அனுப்புகிறாராம். இவ்வளவு சுலபமா!

மார்ச் 17

வந்தது வேனுடைய ஸ்டியரிங் சீல். சிங்களத்தில் வண்டிக்கும் படகுக்கும் ஒரே சொல்! உதவிக்கு வந்த, தேயிலை ஃபெக்டரியில் மெசின் பார்க்கும் வினோஜன் படகு கிடந்த சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். "ஹோர்னும் கேட்டிருக்கலாமே நீங்க?"

நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிறது.

மார்ச் 21

தண்ணீர் வற்றி, படகு சேற்றில் கிடப்பது நல்லதாயிற்று. தண்டைச் சுற்றிய பெரிய நட்டைக் கழற்றி, உள்ளே கொக்கியை விட்டு இழுத்தேன். ரப்பரே இல்லை! கிரீஸில் ஊறி மக்கிய பருத்திக் கயிறு.

"இது எங்க பம்புல தண்ணி கசியாம போடுற கயிறுதானே!" என்று ஃபெக்டரிக்கு ஓடிய வினோஜன் புதுச்சுருளோடு வந்தார். வளையம் வளையமாக வெட்டித் திணித்தோம். துருப்பிடித்த ஸ்டியரிங் கம்பிகளையும் மாற்றினோம். என் மூக்கில் கிரீஸ். யார் கை பட்டதென்று எழுதமாட்டேன்.

மார்ச் 22

பயத்தில் நட்டை இறுக்கிவிட்டேன். சுக்கான் அசையவில்லை. தளர்த்தினால் தண்ணீர் வராதா? எவ்வளவு தளர்த்துவது? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 5

மழை பெய்து தண்ணீர் ஏறிவிட்டது. தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஆட்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். மிதந்தது! நட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஸ்டியரிங் சக்கரம் வெண்ணெய் மாதிரி சுழன்றது. ஒரு சொட்டுக்கூட உள்ளே இல்லை.

பாய் விரித்தோம். இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் போனது. இன்னும் திருப்பினேன் — ஐயோ, கம்பிகளை இடம்வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறோம்! நேரே போய்த் தேயிலைக் கரையில் முட்டி நின்றோம்.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காளியாயி அக்கா கத்தினார்: "ஏ புள்ள, வேலைக்கு வர்றதுன்னா கூடையோட வரணும்!"

மலை முழுக்கச் சிரிப்பு. விடுதிக் கரையில் ஷிஹாம் சேரும் நின்றிருந்தார். அவர் சிரித்தாரா? தெரியவில்லை.

ஏப்ரல் 6

கம்பிகளைச் சரியாகப் பூட்டினோம். ஷிஹாம் சேரை ஏற்றிக்கொண்டு நடுத்தீவைச் சுற்றி வந்தேன். இறங்கும்போது, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏப்ரல் 10, வெள்ளி

தச்சர் அறுக்கிற வாளோடு வந்தார். படகுத்துறைக்குப் புதுப்பலகை அடித்துவிட்டுப் போனார்.