பதில் சொன்னவர்

ஐப்பசி 6, வியாழன்

விடியலிலிருந்து தூறல். முழங்கால் வலி. மும்தாஜ் கொடுத்துவிட்டுப் போன ஆய்வுப் படிவங்கள், இரண்டு கட்டு: ஒன்று கடலோர ஊர்கள், மற்றது எங்கள் பக்கம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடம் மதுப் பழக்கம் பற்றிக் கேட்டவை. சரிபார்த்து ஒரு பக்கக் குறிப்பு தர வேண்டும். புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று நம்பிக் கேட்கிறார்கள். முடியுமா, தெரியவில்லை. முதலில் வரிசை:

1. கடலோரக் கட்டில் 'உண்டு' நிறைய.
2. எங்கள் பக்கம், நெல் விளையும் ஊர்களில், பெண்கள் தொடுவதில்லை.
3. ஆகவே கர்ப்ப காலத்தில் மது கூடாது என்று சொல்லும் கூட்டங்களைக் கடலோரத்தில் மட்டும் வைத்தால் போதும்.

மூன்றாவது கொஞ்சம் துணிச்சல். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

மகள் கல்பனா இன்றும் சாப்பிடவில்லை. சென்னையிலிருந்து வந்து ஒன்பது நாள். மூன்றாம் மாதம், மசக்கை. அவள் அம்மா இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பாள். எலுமிச்சை வாங்க வேண்டும்.

வெள்ளி

மழை விட்டது. மும்தாஜ் வந்தார். நாகூர்க்காரர், ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்பியவர். என் வரிசையைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், நாலாங் கட்டம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. 'பதில் சொன்னவர்' என்ற கட்டம். கடலோரக் கட்டில் அநேகமாக 'அவரே'. எங்கள் பக்கத்துக் கட்டில் மாமியார், கணவர், மாமனார், அப்பா.

"அங்க ஆம்பளைங்க போட்டுல போயிடுவாங்க சார். பொம்பளைங்க கருவாடு காயப்போட்டுக்கிட்டே பேசுவாங்க. 'ஒடம்பு அசதிக்கு ஒரு வாய் ஊத்திக்குவேன், எழுதிக்கடி'ன்னு ஒரு அக்கா சொல்லுச்சு. உங்க பக்கம் உக்கார வெச்சு காபி குடுக்கறாங்க. அந்தப் பொண்ணு வாயத் தொறக்கறதுக்குள்ள மாமியார், 'எங்க வீட்லயா? கேக்குற கேள்வியப் பாரு!'ங்குது. ஒரு வாத்தியார் எங் கையிலேருந்து பேனாவப் புடுங்கி அவரே நெரப்பிட்டாரு."

"அவசரக்காரர்," என்றேன்.

மும்தாஜ் போன பிறகுதான் உறைத்தது. போன வாரம் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் கல்பனாவின் படிவத்தை நிரப்பியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. வயது, ரத்த வகை, மது: இல்லை. அவளைக் கேட்கவே இல்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

சனி

எப்படிக் கேட்பது? மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன். மூன்றும் போலீஸ் விசாரணை மாதிரி.

வெற்று ஆய்வுப் படிவம் ஒன்றை அவள் மேசையில் வைத்துவிட்டு எலுமிச்சை வாங்கக் கிளம்பினேன். வேண்டுமென்றே வாய்க்கால் வழியாகச் சுற்று. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நிற்கிறது. திரும்பினால் படிவத்தோடு வாசலில் நிற்கிறாள்.

"நாலு பழத்துக்கு இவ்ளோ நேரமாப்பா?"

"கடையில கூட்டம்."

"பொய் சொல்லவே வரல உங்களுக்கு."

பிறகு அழுதாள். வெள்ளிக்கிழமைகளில், ஆபீஸ் முடிந்து, கூட வேலை செய்கிறவர்களோடு குடிப்பாளாம். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே நிறுத்திவிட்டாள்.

"அதுக்கு முன்னாடி ஆறு வாரம் தெரியாம குடிச்சிருக்கேன்ப்பா. புள்ளைக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு சோறே எறங்கல. டாக்டர்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க இல்லன்னு எழுதிட்டீங்க. அதுக்கு மேல எப்படிப்பா சொல்றது?"

மசக்கை என்று நான் நினைத்தது இது.

மாப்பிள்ளைக்கும் பழக்கம் உண்டாம். அவரைப் பற்றி எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

அவள் தலையில் கை வைக்க நினைத்தேன். கையில் எலுமிச்சைப் பை.

திங்கள்

ஆஸ்பத்திரி. நல்ல வெயில்.

"நான் வெளியில உக்காந்துக்கறேம்மா."

தனியாக உள்ளே போனாள். அரை மணி நேரம். எதிர்ச்சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை நான்கு தடவை படித்தேன்.

"சொன்னதே நல்லதாம். இனிமே ஒரு துளிகூட கூடாதாம். ஸ்கேன்ல கவனிச்சுப் பாக்கறாங்களாம். இப்பவே எதுவும் சொல்ல முடியாதாம்ப்பா." வரும் வழியில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். இரண்டாவதைப் பாதி எனக்குக் கொடுத்தாள்.

மாலை. மூன்றாவது குறிப்பை ரப்பரால் அழித்தேன். கூட்டம் எல்லா ஊரிலும் வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு மும்தாஜ் மறுபடியும் போக வேண்டும். பெண்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

குறிப்பு 2 தவறு. 'இல்லை' என்று சொன்னது பெண்கள்தான் என்று எண்ணிவிட்டேன்.