போனில் மாமனார் நலம்

மார்ச் 4, செவ்வாய்

மாமனாருக்குக் காலையில் குடலிறக்க ஆபரேஷன், சாயங்காலமே வீடு. பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் இப்போது படுக்கை தருவதில்லையாம். கிளினிக்கிலேயே வெட்டித் தைத்துக் காரில் ஏற்றிவிட்டார்கள். "வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். என் கணவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதெல்லாம் இருக்காங்க" என்றார்.

ஆள் என்றால் நான். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு லீவு சொன்னேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 5

கட்டு மாற்றினேன். மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் நேராகப் பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மகனுக்குப் போன். மகன் ஆபீஸிலிருந்து எனக்குப் போன். நான் இருப்பது அடுத்த அறையில்.

மார்ச் 6

தினமும் காலையில் நர்ஸ் போனில் விசாரிப்பாளாம். வார்டைச் சுற்றி வந்து பார்ப்பதற்குப் பதில் இது. ராத்திரியெல்லாம் முனகி என் தூக்கத்தைக் கெடுத்த மனுஷன், போனை வாங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு குறையும் இல்லம்மா, ரொம்ப நல்லா இருக்கேன்" என்கிறார். வெளியாளிடம் வலிக்கிறது என்று சொன்னால் கௌரவம் என்னாவது? அவளும் சந்தோஷமாக வைத்துவிட்டாள். அவளுக்கென்ன, புண்ணைப் பார்த்தாளா, முகத்தைப் பார்த்தாளா?

மார்ச் 7

இன்றும் ரொம்ப நல்லா இருக்காராம். எப்படியோ போகட்டும்.

மார்ச் 8

எப்படிப் போகும்? தையலைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் அனலாகக் கொதிக்கிறது. சீழ் வாடை. இவருக்குப் போன் செய்தால், "கிளினிக்ல நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க?" என்கிறார். அவங்களுக்கு யார் சொன்னது? உங்கப்பாதானே? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, மருமக சரியா பார்க்கலன்னு என் தலையிலதான் விழும். அப்ப மட்டும் ஆள் நான்தான். கோபத்துக்கு மேல பயமா இருக்கு — செத்துகித்துப் போயிட்டா?

நர்ஸ் அழைத்தாள். மாமனார் "ஒரு குறையும்" என்று ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கினேன். "பொய் சொல்றாரு. காய்ச்சல் அடிக்குது, சீழ் வச்சிருக்கு. இன்னிக்கே பார்க்கலைன்னா உங்க வாசல்ல படுக்க வச்சுட்டு நான் வேலைக்குப் போயிடுவேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். பார்வையாலேயே எரித்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 9

நேற்றே தையலைப் பிரித்துக் கழுவினார்கள். இன்னும் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்து ஆளையே சாய்த்திருக்கும் என்றார் டாக்டர். அதற்கும் படுக்கை கிடையாது. சாயங்காலமே வீடு, மறுபடி நான். என் கணவர் கேட்டது ஒன்றுதான்: "போன்ல அப்படிக் கத்தணுமா?"

சாப்பாட்டை அவரையே எடுத்துப் போட்டுக்கொள்ள விட்டேன்.

மார்ச் 11

போன் அடித்தது. மாமனார் எடுத்து, தொண்டையைச் செருமி, "ஒரு குறையும்..." என்றவர் நிறுத்திக்கொண்டார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார். கண் சுவரில்தான் இருந்தது.

"நீயே சொல்லு" என்றார்.

வாங்கிக்கொண்டேன். காய்ச்சல் விட்டிருக்கிறது, வலி இருக்கிறது, பிடிவாதம் மட்டும் குறையவில்லை என்று அவர் காது கேட்கவே சொன்னேன்.