கேட்டுக்கு வெளியே நின்ற கைகள்

கேட்டுக்கு அந்தாண்ட, இந்தாண்ட என்று ஆள் பிரிக்கத் தெரியாத என் கண்ணியப்பன் அண்ணனுக்கு,

போய்ச் சேர்ந்த இடத்திலாவது நெஞ்சுவலி இல்லாமல் இருக்கிறீர்களா அண்ணே? இங்கே கிண்டியில் மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட் ரோடெல்லாம் தண்ணீர். மாம்பலத்தில் ரயிலேறிக் கம்பெனிக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் புடவை நனைந்துவிடுகிறது. உங்கள் லேத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். மதியம் சங்கு ஊதினால் இன்னமும் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

உங்களுக்கு எழுதுகிறேனே தவிர, இதை எல்லோரும் படிக்கத்தான் போகிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

மறுபடி லே-ஆஃப் வந்துவிட்டது. நீங்கள் இருந்தபோது வந்ததற்குக் கரண்ட் வெட்டு காரணம், இப்போது மோட்டாருக்கு ஆர்டர் இல்லையாம். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். தினம் காலையில் வந்து கேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் பாதிச் சம்பளம். அவர்களுடைய பித்தளை வில்லையை டைம் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வில்லை இல்லாத ஆளை வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா? எதிர் டீக்கடைப் பந்தலுக்குக் கீழே நிற்கிறார்கள், அந்த முதல் லே-ஆஃபில் நான் நின்ற அதே இடத்தில்.

அன்றைக்குக் கூட்டத்தைக் கேன்டீனில் வைக்கலாம் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னதும் நீங்கள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. "இன்னாப்பா பேசறீங்க? வெளிய நிக்கிறவனும் சங்கத்துல மெம்பர்தான? அவன் கை இல்லாம இன்னா ஓட்டு?" கூட்டத்தைக் கேட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். இரண்டு கதவையும் திறக்க வைத்து, பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் ரோட்டில். லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். நீங்கள் அசையவில்லை.

முறை வைத்து லே-ஆஃப் எடுத்துக்கொள்வது என்று அன்றைக்குத்தான் முடிவானது. யாரும் ஒரேயடியாக வெளியே நிற்க வேண்டாம், எல்லோரும் மாறி மாறி ஒரு வாரம் வீட்டில் இருப்போம் என்றீர்கள். வெளியே நின்ற எங்கள் கைகளையும் சேர்த்துத்தான் அது ஜெயித்தது. முதல் முறையையும் நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். எல்லோரிலும் மூத்தவர் நீங்கள், உங்களை யாரும் தொட்டிருக்க முடியாது. நீங்கள் பந்தலடிக்குப் போனீர்கள், நான் உள்ளே வந்தேன்.

இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. பஷீர் பாய் என்று ஒருவர் இருக்கிறார், நீங்கள் போன பிறகு வந்தவர். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறையை மூடிவிட்டதால், தலை நரைக்கிற வயதில் இங்கே புது ஆளாகச் சேர்ந்தார். சங்கமே வேண்டாம் என்று ஒதுங்கியவரிடம் உங்கள் கதையைச் சொன்னேன். "நெஜமாவே அப்டி ஒரு மனுசன் இருந்தாராக்கா?" என்று கேட்டார். மறுநாளே மெம்பரானார். இப்போது அவரும் பந்தலடியில்தான்.

நான் இப்போது கமிட்டியில் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். நம் செயலாளர் துரைசாமி போன வாரம் என்னிடம் வந்து, "மழையா கீது மரகதம். மீட்டிங்க கேன்டீன்லயே வச்சிக்கலாம், சாப்பாட்டு டைம்லயே முடிஞ்சிரும். இன்னா சொல்ற?" என்றார். சரி என்றேன்.

மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்றால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அப்படிப்பட்ட ஆள் நீங்கள். ஆனால் நான் மறக்கவில்லை. சரி என்று வாயைத் திறக்கும்போதே அந்தப் பந்தல் என் கண்ணில் நின்றது. கூடவே என் மகளும் நின்றாள். இந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருக்கிறேன். முறை வைத்தால் நானும் பாதிச் சம்பளத்தில் உட்கார வேண்டும். வெளியே நிற்பவர்களின் கை உள்ளே வராவிட்டால் முறை என்ற பேச்சே எழாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன்.

கூட்டம் கால் மணியில் முடிந்தது. "முறை வைக்கணும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றார் துரைசாமி. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து கை. "வேணாம்னு சொல்றவங்க?" கேன்டீன் முழுக்கக் கைதான். நான் இரண்டுக்கும் தூக்கவில்லை. சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிராகக் கை தூக்கவில்லையே என்று சாயங்காலம் வரைக்கும் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

வேலை விட்டு வெளியே வந்தால் பந்தலடியில் பஷீர் பாய் நனைந்தபடி நின்றார். மற்றவர்களும் இருந்தார்கள். காலையில் கையெழுத்துப் போட்டதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

"மீட்டிங் எப்பக்கா? கேட்டாண்ட தான வைப்பீங்க, அதான் நின்னுகினு கீறோம்" என்றார்.

"முடிஞ்சிருச்சு பாய்."

"எங்க?"

"கேன்டீன்ல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் மழையைக் காரணம் காட்டி நாலு வார்த்தை பேசியிருப்பேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தோத்தா தோத்துட்டுப் போறோம்க்கா. கையத் தூக்கிட்டுத் தோத்திருப்போம். அந்தக் கண்ணியப்பன் அண்ணன் கதைய நீங்கதானக்கா எனக்குச் சொன்னீங்க?" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. உங்கள் பேரைச் சொல்லி ஆள் சேர்த்தவள், உங்கள் கேட்டை நானே சாத்திவிட்டேன்.

மறுநாள் துரைசாமியிடம் போய், இந்த முடிவு மேனேஜ்மெண்டில் இன்னும் கையெழுத்தாகவில்லையே, கூட்டத்தைத் திரும்பக் கூட்டுங்கள் என்றேன். அவர் எரிந்து விழுந்தார். "நீதான சரின்னே? இப்ப இன்னா புதுசா நாயம் பேசற? தப்பு உன்னோடதுன்னு எழுதி எல்லாருக்கும் தெரியறாப்ல ஒட்டு. அப்பால கூட்டறேன்." நான் எழுத மாட்டேன் என்று நினைத்து அப்படிச் சொல்லியிருப்பார். துரைசாமி கெட்டவர் இல்லை. அவருக்கும் வீட்டில் மூன்று பெண்கள். கேன்டீனில் கை தூக்கியவர்கள் யாருமே கெட்டவர்கள் இல்லை அண்ணே. வெளியே நிற்கும் முகத்தைப் பார்க்காமல் கை தூக்குவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுலபத்தை ஏற்பாடு செய்து கொடுத்தவள் நான்.

எழுத உட்கார்ந்தேன். துரைசாமிக்கு என்று எழுதினால் மனு மாதிரி வந்தது. பஷீர் பாய்க்கு என்று எழுதினால் அழுகை வந்தது. உங்களுக்கு எழுதினால்தான் பொய் வராது என்று இதைத் தொடங்கினேன். இதுதான் நான் ஒட்டப்போகும் காகிதம். உள்ளே இருக்கிற நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மறுபடி அதே தப்பைத்தான் செய்தவளாவேன். எதிர் டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறேன். முதலில் அவர்கள் படிக்கட்டும், உள்ளே போகிறவர்கள் பிறகு படிக்கட்டும்.

நேற்று மகளிடம் படித்துக் காட்டினேன். "நீ வெளிய நின்னப்ப அவரு கூப்ட்டாரேம்மா" என்றாள்.

கூட்டம் கேட்டில்தான் நடக்கும் அண்ணே, மழை கொட்டினாலும். இரண்டு கதவும் திறந்திருக்கும். நான் வெளிப்பக்கம், பஷீர் பாய்க்குப் பக்கத்தில் நின்று கை தூக்குவேன். தோற்றுப்போகலாம். தோற்றாலும் அவர்கள் கைகளையும் எண்ணிவிட்டுத் தோற்போம். ஜெயித்தால், வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு முதல் வாரம் பந்தலடிக்குப் போகிறவள் நானாக இருப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறேன், இனி பின்வாங்க முடியாது.

நீங்கள் வெளியே போய் உள்ளே அனுப்பிவைத்த
உங்கள் தங்கச்சி,
மரகதம்
மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பகுதி