எனக்கு எதிராக உயர்ந்த உங்கள் கை

அக்கா,

மூன்று கிழமைக்கு முன், வேலைக்குப் போகும் அவசரத்தில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவுத் துவாரத்தால் உள்ளூர்க் கவுன்சிலின் நீளமான வெள்ளைக் கடிதம் ஒன்று வந்து விழுந்தது. ஒற்றைக் காலில் நின்றபடியே பிரித்தேன். இசை, நடனம், நாடகம் மூன்றுக்கும் நம் வட்டாரத்தில் ஒரு சிறப்புப் பள்ளி தேவையா என்று கருத்துக் கேட்டிருந்தார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் நம் இருவரையும் பிரித்த அதே திட்டம். தலைப்பில் இரண்டு சொற்களை மாத்திரம் மாற்றியிருந்தார்கள்.

"அக்கா, திரும்ப வந்திட்டுது" என்று வெறும் வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னேன். பிறகு மற்றச் சப்பாத்தைப் போடாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரி லாபுக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் போனேன்.

பள்ளி நிர்வாகக் குழுவின் முதல் கூட்டத்தில் உங்களைச் சந்தித்த நாள் நினைவிருக்கிறது. ஆரணி அப்போதுதான் அந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பெற்றோர் சார்பில் என்னைக் குழுவுக்குத் தெரிவு செய்திருந்தார்கள். மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். அதில் தமிழர் நாம் இருவர்தான். உங்கள் மகன் ஜூட் அந்தப் பள்ளியை விட்டுப் போய் இரண்டு வருடமாகியும், அயலவர் சார்பில் நீங்கள் குழுவில் தொடர்ந்து இருந்தீர்கள். ரெய்னர்ஸ் லேன் வழியாக ஓடும் பஸ்ஸை விட்டு இறங்கி, சாரதி உடையோடு நேராக வந்திருந்தீர்கள். தலைவர் ஏதோ அறிக்கையை வாசிக்க, நான் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் சாய்ந்து சொன்னீர்கள்: "பயப்பிடாதேயும். இவையளும் பாதி விளங்காமல்தான் தலையாட்டுகினம்."

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்று கதைத்தோம். மன்னாரிலிருந்து வந்த நீங்களும் சாவகச்சேரியிலிருந்து வந்த நானும் லண்டன் ஹாரோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுக்கைப் பற்றி அரை மணி நேரம் கவலைப்படுவோம்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. எங்கள் பள்ளியையே கலைக்கான சிறப்புப் பள்ளியாக மாற்றுவது. பதின்மூன்று வயதில், வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் ஒடிஷன் வைத்து, பாடவும் ஆடவும் நடிக்கவும் சொல்லிப் பார்த்துப் பிள்ளைகளை எடுப்பது. எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தகப்பன் என்னை மறித்து, "நாடகம் படிச்சு என்ன செய்யிறது? சயன்ஸ் லாப் கட்டச் சொல்லுங்கோ" என்றார். நான் அவரோடும் சண்டை பிடித்தேன், என் கணவரோடும் சண்டை பிடித்தேன். ஏனென்றால் எனக்கு ஆரணி இருந்தாள். குளியலறைக்குள் தனியாக ஒரு நீதிமன்றமே நடத்துவாள். நீதிபதியும் அவள்தான், கள்ளனும் அவள்தான். நீங்கள் பஸ் ஓட்டுவதைக்கூட, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தோளை உலுப்பிக்கொள்வது வரை, அப்படியே செய்து காட்டுவாள். அந்தப் பள்ளி அவளுக்காகவே உருவாகப் போகிறது என்று நம்பினேன்.

உங்களை நான் கேட்கவேயில்லை, அக்கா. மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர் நீங்கள். என் பக்கம் என்றுதான் கணக்கில் வைத்திருந்தேன்.

வாக்கெடுப்பு நடந்த பின்னேரம் நான் முதலில் பேசினேன். பிறகு நீங்கள். குரலை உயர்த்தாமல், சொல்லைத் தேடித் தேடிப் பேசினீர்கள். ஒடிஷன் வைக்க முதலே ஒடிஷன் நடந்து முடிந்துவிட்டது என்றீர்கள். யாரைப் பெற்றோர் சின்ன வயதிலேயே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், யாருக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை என்பதுதான் அந்த ஒடிஷன் என்றீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்துவிட்டால் மற்றப் பள்ளிகளின் மேடைகள் என்னவாகும் என்று கேட்டீர்கள். தலைவர் கை உயர்த்தச் சொன்னார். எதிராக ஆறு, ஆதரவாக ஐந்து. ஆறாவது கை உங்களுடையது. அதை உயர்த்தும்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கார் நிறுத்துமிடத்தில் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னக்கா செய்தனீங்கள்?"

"எனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்தனான், பிள்ளை."

"உங்கட பிள்ளைக்கு ஒண்டும் வராமல் போட்டுது. அதுதான் என்ர பிள்ளைக்கும் கிடைக்கக்கூடாது எண்டு நினைக்கிறியள்."

ஜூட் அப்போது படிப்பை இடையில் விட்டுவிட்டுக் குழாய் பொருத்தும் வேலை பழகிக்கொண்டிருந்தான். அதையெல்லாம் எனக்கு நம்பிச் சொன்னது நீங்கள்தான். நீங்கள் சொன்னதையே எடுத்து உங்கள் மீது எறிந்தேன். உங்கள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நாளைக்கு விடிய ஷிப்ட். போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

எட்டு மாதம் உங்களோடு பேசவில்லை. குழுவிலிருந்தும் விலகினேன். உங்கள் பஸ் வருவது தெரிந்தால் அடுத்ததற்குக் காத்து நின்றேன். ஆரணிக்குக் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும், வீட்டுப் பாட வகுப்பு என்று சொல்லி ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள்.

ஒரு வியாழன் லாபில் வேலை நேரத்தோடு முடிந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போகப் பள்ளிக்குப் போனேன். வகுப்பறை பூட்டியிருந்தது. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு முப்பது பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஆரணியும், புதிதாக வந்து சேர்ந்த, ஆங்கிலம் இன்னும் வராத ஒரு சோமாலியப் பிள்ளையும். இருவரும் ஒரு சட்டைக்குச் சண்டை பிடிக்கும் சகோதரிகள். அந்தப் பிள்ளை தன் மொழியில் ஏசியது, ஆரணி தமிழில் திருப்பி ஏசினாள். ஒருவருக்கும் இரண்டு மொழியும் தெரியாது. எல்லாருக்கும் எல்லாம் விளங்கியது.

கதவோரத்தில், சாரதி உடையில், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு நீங்கள் இருந்தீர்கள். ஒடிஷன் இல்லாமல், பெயர் கொடுத்த எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து இந்த வகுப்பை நடத்தும்படி நாடக ஆசிரியையிடம் போய்க் கேட்டவர் நீங்கள்தான் என்பதும், மண்டபத்தைத் திறந்து மூட ஒரு ஆள் வேண்டுமென்று அவர்கள் சொன்னதும் வியாழக்கிழமை ஷிப்டை மாற்றி வாங்கியவர் நீங்கள்தான் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையைத் தூக்கிக் கீழே வைத்தீர்கள்.

உட்கார்ந்தேன். "அக்கா, என்னை மன்னியுங்கோ."

"சத்தம் போடாதேயும். பிள்ளையள் கதைக்கினம்."

அன்று பிள்ளைகள் போன பிறகு ஜூட்டின் கதையைச் சொன்னீர்கள். பதினொரு வயதில் அவன் கோயிலில் பாடினால் சனம் திரும்பிப் பார்க்குமாம். லண்டனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளியின் ஒடிஷனுக்கு இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறிக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மற்றப் பிள்ளைகள் இசைத்தாள்களோடு வந்திருந்தார்கள். எந்தத் தரம்வரை இசைப் பரீட்சை எடுத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை. இரண்டு வரி பாடியதும் நன்றி சொல்லி நிறுத்திவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், "அம்மா, நான் பாடினது பிழையோ?" என்று கேட்டவன், அதற்குப் பிறகு கோயிலில்கூட வாய் திறக்கவில்லை.

"இதை அண்டைக்கே கூட்டத்தில சொல்லியிருக்கலாமே, அக்கா."

"அது அவன்ர கதை, பிள்ளை. நான் எடுத்துச் சொல்லேலாது."

"எண்டாலும், நீங்கள் செய்தது பிழை எண்டுதான் இப்பவும் நினைக்கிறன்."

"நினையும். நானும் சில நேரம் அப்பிடி நினைக்கிறனான். ஆரணிக்குக் கிடைச்சிருக்க வேண்டியது." சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் கண்கள் கலங்கியிருந்தன.

அதற்குப் பிறகு ஆறு வருடம் வியாழக்கிழமைகளில் சேர்ந்தே இருந்தோம். எத்தனை முறை அந்தத் திட்டத்தைப் பற்றி வாதாடியிருப்போம்! ஒருவரும் மற்றவரை மாற்றவில்லை. நீங்கள் நோயில் கிடந்த கடைசி மாதத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து ஆரணி ரயிலேறி வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு முன் உங்களைப் போலவே பஸ் ஓட்டிக் காட்டினாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்துவிட்டாள். உங்கள் இறுதிப் பூசைக்குப் பள்ளிச் சீருடையோடு வந்து பின்வரிசைகளை நிரப்பிய பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அக்கா. ஆரணி நடிகையாகவில்லை. பிசியோதெரபி படிக்கிறாள். அந்தப் பள்ளி கிடைத்திருந்தால் என்னவாகியிருப்பாள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன கிழமை கருத்துக் கூட்டம் நடந்தது. இரண்டு தாளில் எழுதிக்கொண்டு போனேன். திட்டம் வேண்டும் என்றுதான் இம்முறையும் சொன்னேன்; ஆனால் ஒடிஷன் வேண்டாம், விரும்பிக் கேட்கிற பிள்ளைகளுக்குள் சீட்டுப் போட்டு எடுங்கள் என்றேன். திறமையைச் சீட்டுப் போட்டு எடுக்க முடியுமா என்று ஒருவர் சிரித்தார். ஜூட்டின் கதையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு அடங்கும் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேலை உடையோடு ஜூட் எழுந்து நின்றான். அவன் வந்ததையே நான் காணவில்லை. தன் கதையைத் தானே ஆங்கிலத்தில் சொன்னான், இரண்டு நிமிடம்கூட இல்லை. பள்ளி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவன் சொல்லவில்லை. கட்டினால், பதினொரு வயதில் தான் இருந்த மாதிரியான ஒரு பிள்ளையும் உள்ளே வரக்கூடியதாகக் கட்டுங்கள் என்றான். கவுன்சில் அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தார். நுழைவு முறையை மாற்றி எழுதித் திரும்பக் கொண்டு வருவதாகக் கூட்ட முடிவில் அறிவித்தார். முடிவு எப்படி வருமென்று தெரியவில்லை.

வெளி நடையில் ஜூட்டை நிறுத்தினேன். ஒன்பது வருடம் மனதில் கிடந்ததை அன்று சொல்லாவிட்டால் பிறகு சொல்லமாட்டேன் என்று பட்டது.

"ஜூட், உன்ர அம்மாவோட ஒருநாள் சண்டை பிடிக்கேக்கை, உன்னைப் பற்றி ஒரு கூடாத கதை சொல்லிப்போட்டன்."

"தெரியும், அன்ரி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வந்து, நான் காருக்குள்ள இருந்தனான். கண்ணாடி திறந்திருந்தது."

"அம்மா என்ன சொன்னவ?"

அவன் தமிழைத் தேடித் தேடிச் சொன்னான். "'அவ களைச்சுப்போனா, மோனை. நீ மனசில வைக்காத' எண்டு சொன்னவ. நான் வைக்கேல்லை, அன்ரி."

அவ்வளவுதானா அக்கா? உங்கள் பிள்ளையின் காதில் விழுந்த அந்தச் சொல்லுக்கு, அன்றே அதே காருக்குள், நான் களைத்துப்போனேன் என்று காரணம் சொல்லி என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். அதை என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது லாபிலோ வீட்டிலோ யாராவது என்மீது சீறி விழுந்தால், இவர் களைத்துப்போனார் என்று முதலில் எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை, அக்கா. நேற்று முடிந்தது.