யாபேஸ் என்று நான் வைத்த பெயர்

அன்புள்ள மகன் யாபேசுக்கு (இப்படிக் கூப்பிட இன்னும் அனுமதி உண்டுதானே?), சலிமா ஏரிக்கரையிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தங்கை தியாமிகேயும் கோழிகளும் சுகம். ஜோகன்னஸ்பர்க்கில் நீயும் உன் வயிறும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

பட்டறை வேலை போனதும், பெண் வீட்டார் பின்வாங்கியதும் உன் பெயரால்தான் என்று அங்கே ஒரு தீர்க்கதரிசி சொன்னாராம், நீ பிளெஸ்ஸிங் என்று மாற்றப்போகிறாயாம், தியாமிகேயிடம் சொன்னவன் என்னிடம் சொல்லவில்லை. ஓட்டை வலையில் மீன் நிற்குமா, அவள் வாயில் ரகசியம் நிற்குமா. நம் தெருவில் ஏற்கெனவே இருக்கிற பிளெஸ்ஸிங்குகள் போதாதா, அதில் ஒருவன் ஆட்டுத் திருடன் என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போனால் நிசிமா களி கிண்டக் கை ஓடவில்லை.

அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை மகனே. உன்னைப் பெற்ற வாரம்தான் உன் அப்பா மங்கோச்சி ஊர்க்காரியோடு போனார். ஞானஸ்நானத்தன்று போதகர் பெயர் கேட்டார், துக்கத்தோடே பெற்றதால் மகனுக்கு யாபேஸ் என்று பெயரிட்ட வேதத்துத் தாயின் கதை, மாதர் சங்கத்தில் கேட்டது, நெஞ்சில் எரிந்தது, நானும் துக்கத்தோடே பெற்றேன், யாபேஸ் என்றேன். அவர் தயங்கி, கனமான பேராச்சேம்மா, புள்ள தாங்குவானா என்றார். பெத்தவ நான் தாங்கலையா ஐயா, நீங்க தண்ணிய ஊத்துங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீ மட்டும் அழுதாய். துக்கம் என்னுடையது, அதைத் தூக்கி உன் தலையில் வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு மீன்கடை நாபிரியை வேதத்தில் அந்த இடத்தை வாசிக்கச் சொன்னேன். தாய் பெயர் வைத்த வசனம்வரைதான் எனக்குத் தெரியும். அடுத்த வரியிலேயே அந்த யாபேஸ் ஜெபிக்கிறான். ஆபிராமுக்கும் யாக்கோபுக்கும் தேவன் புதுப்பெயர் கொடுத்தார், இவனுக்குக் கொடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை. ஆசீர்வதியும், என் எல்லையைப் பெரிதாக்கும், தீங்கு என்னைத் துக்கப்படுத்தாமல் காத்துக்கொள்ளும் என்றான், கேட்டதைக் கொடுத்தார். தாய் வைத்த பெயர் தேவனுடைய கையைக் கட்டவில்லை பார். ஏண்டி, பேரு வச்சதோட புத்தகத்த மூடிட்டியா, உன் சமையலும் இப்படித்தான் பாதி வேக்காடு என்றாள் நாபிரி. சொல்லட்டும், வாங்கிக்கொண்டேன்.

உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை, மாற்றினால் மாற்று. குழாயடியிலும் சபையிலும் என்னை யாபேஸ் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடும்போது ஒருநாளும் எனக்குத் துக்கம் வந்ததில்லை, உன் முகம்தான் வந்தது. இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாய் மகனிடம் வருந்தினாளா என்று நாபிரியைத் திரும்பத் தேடச் சொன்னேன், வேதத்தில் இல்லையாம். ஆகவே நான் எழுதுகிறேன், என்னை மன்னித்துக்கொள்.

பேருந்துக்காரரிடம் உசிபா கருவாடு கொடுத்திருக்கிறேன், நீ தின்னு, தீர்க்கதரிசிக்குக் கொடுக்காதே. கர்த்தர் உன் எல்லையைப் பெரிதாக்குவாராக. ஞாயிறு மறக்காமல் போன் செய், உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நீயே சொல்.

இப்படிக்கு,
நீ எந்தப் பெயர் சொன்னாலும் அவனுடைய அம்மா