பதினோராவது ரொட்டி

புனாட்டா, ஆகஸ்ட் 14

அன்பு மகன் லிம்பெர்டுக்கு,

எல்லைக்கு அந்தப் பக்கம் கலாமாவின் குளிரிலும் தூசியிலும் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். ஜூலை கடைசியில் அவள் அடுப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள், நீ பதறுவாய் என்று அப்போது எழுத விடவில்லை. கட்டுப் போட்டாகிவிட்டது, வலி குறைந்திருக்கிறது. உன் அத்தை மகள் வந்து மாவு பிசைகிறாள், அம்மா இடது கையால் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள், ஜன்னலில் உட்கார்ந்து ரொட்டி விற்பது நான். ஆகஸ்ட் முதல் வெள்ளி பூமித்தாய்க்குப் படையல் எரித்துப் புகை போட்டோம், இந்த முறை வியாபாரத்துக்காக நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. எதற்காக வேண்டினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவிருக்கும், மறக்க நான் விடவில்லையே. எரிவாயு அடுப்புக்குக் கடன் கேட்டபோது கூட்டுறவுச் சங்கம் கணக்குப் புத்தகம் கேட்டது. அதுவரை நம் வீட்டில் தகர டப்பாதான் கணக்கு. நான் புத்தகம் வாங்கிக் கோடு போட்டேன். ஒரு நாள் மாவுக்கு அறுநூறு ரொட்டி, ஒன்று ஐம்பது சென்டாவோ, ஆக முந்நூறு பொலிவியானோ. ஜன்னலில் நீ இருந்தாய், பெட்டியில் இருநூற்று எழுபத்தைந்துதான் வந்தது. தினமும். நீ ஒரு முறை சொன்னாய், "கொசுறுலதாம்ப்பா போகுது, பத்து வாங்கினா ஒண்ணு வெக்காம எப்படி?" என்று. நான் விட்டேனா? "கொசுறுக்குத்தான் கருகினதைத் தனிக் கூடையில வெச்சிருக்கேனே, யாருக்குக் காது குத்துற?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். வருடக் கடைசியில் உன் பெயரை எழுதி, எதிரே ஏழாயிரத்து எண்ணூறு என்று போட்டு, பக்கத்தில் "திருட்டு" என்று எழுதினேன். அந்த வாரமே நீ எல்லை தாண்டிப் போய்விட்டாய். ஐந்து வருடம் ஆகிறது.

நீ போன பிறகு உன் அம்மா ஜன்னலில் உட்கார்ந்தாள். அவள் தந்த பணத்தை அப்படியே வரவு எழுதினேன், ரொட்டியை எண்ணவே இல்லை. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் மட்டும் வந்தது. இதை நினைக்கத்தான் அதிகம் கூசுகிறது.

இப்போது நான் உட்கார்ந்த முதல் நாளே செருப்புத் தைக்கிற வீட்டு ரெமெடியோஸ் வந்தாள். பத்து எண்ணிக் கொடுத்து, மேலே ஒரு கருகலை வைத்தேன். அவள் அதை எடுத்து என் பக்கமே தள்ளினாள். "இத எம் பன்னிக்குப் போடவா, காசியானோ? உம்ம புள்ள கேக்காமலே நல்லதா ஒண்ணு வெப்பான். அவனத் திருடன்னு தொரத்திட்டு இங்க நீரு ஒக்காந்திருக்கீரு," என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வாடிக்கை போய்விடுமே என்று அன்றிலிருந்து நல்ல ரொட்டியே வைத்தேன். வாரக் கடைசியில் பெட்டியை எண்ணினேன். ஆறு நாளைக்கு நூற்றைம்பது குறைந்தது. நாளுக்கு இருபத்தைந்து. மூன்று முறை எண்ணினேன், லிம்பெர்ட். ஒரு சென்டாவோ கூட நான் தொடவில்லை.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது ஒமக்கு ஒறைக்க எங் கை ஒடிய வேண்டியிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

இன்னொன்றும் நீ அறிய வேண்டும். அம்மாவின் மருந்துக்கென்று நீ மாதா மாதம் அனுப்பிய முந்நூறை நான் உன் கடனில் கழித்து எழுதிவந்தேன், இருபத்தாறு மாதம், கடன் தீரும்வரை. மருந்தை ரொட்டிப் பணத்தில்தான் வாங்கினேன். அம்மாவுக்கு இது தெரியாமலே இருந்தது, நேற்றுத்தான் சொன்னேன். இன்று காலை பணப்பெட்டிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

கணக்கில் எதையும் அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே "திருட்டு" என்பதை அடித்து, "கொசுறு, தப்பு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெமெடியோஸிடமும் ஜன்னலில் பத்துப் பேர் நிற்கும்போது சத்தமாகச் சொன்னேன். தெருவுக்குக் கேட்கச் சொன்ன பொய்யைத் தெருவுக்குக் கேட்கத்தானே திருப்ப வேண்டும்? என்னை மன்னி என்று எழுதினால் அது உன்னிடம் இன்னொன்று கேட்பதாகும். அதனால் எழுதவில்லை, ஆனால் மனது அதைத்தான் சொல்கிறது.

வெளியில் போகும்போது காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பூமித்தாயும் மாதாவும் உன்னைக் காக்கட்டும். ஏழாயிரத்து எண்ணூறையும் சங்கத்தில் உன் பெயரில் போட்டுவிட்டேன். மறந்துவிடாதே, அந்தப் பாஸ்புக்கை வாங்க நீயே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சங்கத்துச் சட்டம் அது, நான் போட்டதில்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பூமித்தாயிடம் நான் வேண்டியதும் நீ வரத்தான். நவம்பரில், செத்தவர்கள் திருநாளுக்குப் படைக்க ரொட்டிப் பொம்மை சுடும்போது ஜன்னலில் ஆள் போதாது.

உன் அப்பா,
காசியானோ