ஊறுகாய்க்குப் பூட்டு

25-11-73, ஞாயிறு. ஆஹென்.
நல்ல குளிர். பெட்ரோல் தட்டுப்பாடு, இன்று யாரும் கார் ஓட்டக் கூடாதாம். நடுரோட்டில் நடந்தேன். ஜெர்மனியே எழுந்து எனக்கு வழிவிட்ட மாதிரி.

வீட்டில்தான் வழியில்லை. அக்கா மகன் முருகேசன், ஊறுகாய் குறைகிறதென்று தன் அலமாரித் தட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். சந்தேகம், கூடக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து நாதன் மேல். அவனும் மிளகாய்த்தூளைப் பூட்டினான். ஒரே மேசை, இரண்டு சட்டி, பேச்சில்லை.
"வேற அறை பாத்திட்டன். வாற ஞாயிறு போறன், அண்ணை" என்றான் நாதன்.
தங்கமான பையன். போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும்.

28-11, புதன்.
மழை. பழைய புத்தகக் கடையில் ஒரு ஜெர்மன் நாவல். அட்டையில் எரிந்த ஊர், நாலு பேர். ஒரே மூச்சில் படித்து முடித்தேன். (அட்டை முழுதும். உள்ளே அங்கங்கே.)

சாப்பிடும்போது இருவருக்கும் கதை சொன்னேன். உலகம் அழிந்து நிலவறையில் நாலு பேர். ஆளுக்கொரு டப்பா, ஆளுக்கொரு பூட்டு. பக்கத்தில் இருப்பவன் திருடுவானோ என்று ஒருவருக்கும் தூக்கமில்லை. கடைசியில் ஒரு பெரியவர், என்னைப் போலவே மீசை, தன் சாவியைக் கிணற்றில் வீசினார்.
"நிலவறைக்குள்ள ஏது மாமா கிணறு?" என்றான் முருகேசன்.
"ஜெர்மன்காரன் கட்டினதுடா!"
நாதன் சிரித்தான். "புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ அண்ணை, வாசிச்சுப் பாப்பம்."
அவனுக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. கொடுத்தேன், வேறென்ன செய்ய.

2-12, ஞாயிறு.
இன்றும் கார் இல்லை. வாசலில் நாதனின் பெட்டி, மேலே என் நாவல்.
முருகேசன் வந்து நின்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு நாதனிடம் முதல் பேச்சு: "மாமா சொன்னது நெஜமா? அந்தப் பெரியவர் சாவியை வீசினாரா?"
நான் சுவரைப் பார்த்தேன்.
"ஓம். பிறகு எல்லாரும் ஒரே சட்டியிலதான் சமைச்சவை."
முருகேசன் உள்ளே போனான். பூட்டுத் திறக்கும் சத்தம். ஊறுகாய் பாட்டில் மேசைக்கு வந்தது. "சாப்பிட்டுட்டுப் போ."
"துண்டு எண்ணித்தான் போடுவியோ?"
"போடா டேய்!"

பாத்திரம் கழுவும்போது நாதன் என் காதில்: "அண்ணை, அதில நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கொல்லினம். மீசைக்காரர்தான் முதல்ல சாகிறார். முருகேசனிட்டச் சொல்லிப்போடாதேங்கோ."
எழுதியவனுக்கு அனுபவம் போதாது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெட்டியைத் திரும்ப அறைக்குள் தூக்கி வைத்தது நான். ஒற்றைக் கையால். (மறுபக்கம் முருகேசன் பிடித்தான்.)